பிரஷின் இழை நுனி செய்யும் வேலை

பல் துலக்கிய சில நிமிடங்களுக்குள்ளேயே எச்சிலில் உள்ள புரதங்கள் பல்லின் மேல் மிக மெல்லிய உறையாகப் படிந்துவிடுகின்றன. வாயில் வாழும் பாக்டீரியாக்கள் அந்த உறையைப் பற்றிக்கொண்டு, நாம் உண்ணும் சர்க்கரையிலிருந்தே பசைப்பொருளை உருவாக்கி, அதற்குள் கூட்டமாகப் பெருகுகின்றன. பற்படலம் எனப்படும் இது வெறும் நீரால் கொப்பளித்தால் போகாது. கிருமிநாசினித் திரவங்களும் இதன் உள்ளடுக்குகளை எளிதில் எட்டுவதில்லை. எனவே எதையாவது கொண்டு தேய்த்துத்தான் இதைக் கலைக்க வேண்டியிருக்கிறது.

கலைக்காமல் விட்டால், அந்தப் பாக்டீரியாக்கள் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அமிலத்தன்மை கூடக் கூடக் குறையும் பிஎச் அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது, பல்லின் கடினமான வெளிப்பகுதியான எனாமலிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்குகின்றன. எச்சில் அவற்றை மெல்ல மீட்டுத் தருகிறது. பற்பசையிலுள்ள ஃப்ளூரைடு அந்த மீட்சியை விரைவுபடுத்துகிறது. உறக்கத்தில் எச்சில் வெகுவாகக் குறைந்துவிடுவதால், இரவில் படுக்கும் முன் துலக்குவதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். நம் வீடுகளில் பலரும் தவறவிடுவதும் அதைத்தான்.

பன்றி மயிருக்குப் பதிலாக நைலான் இழை கொண்ட பிரஷ் 1938-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நைலானில் இழையின் தடிமனை விரும்பியபடி அமைக்கலாம் என்பது பெரிய வசதி. ஒரே நீளமுள்ள இழைகளில், வளைக்கத் தேவையான விசை விட்டத்தின் நான்காம் அடுக்குக்கேற்ப உயர்கிறது, அதாவது 0.15 மில்லிமீட்டர் இழையை 0.20 ஆக்கினாலே அதன் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடிவிடும். மென்மையான பிரஷுக்கும் கடினமான பிரஷுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இந்த நுண்ணளவில்தான் இருக்கிறது. வெட்டிய இழையின் நுனி கூர்மையாக இருக்கும் என்பதால், ஈறு கிழியாதவாறு அதை உருட்டையாகத் தேய்த்தும் விடுகிறார்கள்.

படலத்தைக் கலைப்பது இந்த நுனிகளே. அழுத்தித் தேய்க்கும்போது இழைகள் மடங்கிப் படுத்துவிடுவதால், நுனிகள் பல்லும் ஈறும் சேரும் இடுக்கை எட்டாமல் போகின்றன. ஆரோக்கியமான ஈற்றில் அந்த இடுக்கின் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். ஈறு நோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பாஸ் பரிந்துரைத்த முறையில், பிரஷை ஈற்றை நோக்கி 45 பாகை சாய்த்து, நுனிகள் இடம்பெயராதவாறு மிகக் குறுகிய அசைவுகளால் அதிர்க்க வேண்டும். வாய் முழுவதையும் இப்படிச் சுற்றிவர 2 நிமிடமாவது ஆகும்.

நைலான் இழை தனியாக எனாமலைத் தேய்த்துவிடுவதில்லை. பசையிலோ பொடியிலோ உள்ள சொரசொரப்பான துகள்களும், கையின் அழுத்தமும், குறுக்காக இழுக்கும் பழக்கமும் சேரும்போது, ஈறு இறங்கி வெளித்தெரியும் மென்மையான வேர்ப்பகுதி பள்ளமாகி, குளிர்ந்த நீர் பட்டாலே கூசுகிறது. செங்கல்பொடியையும் கரித்தூளையும் இக்காரணத்தால் அறவே தவிர்க்க வேண்டும். எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பானவற்றைக் குடித்த உடனே எனாமல் சற்று இளகியிருக்கும் என்பதால், அரை மணி நேரம் கழித்துத் துலக்குவது நல்லது. துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். நீரால் கொப்பளித்தால் ஃப்ளூரைடும் அதனுடன் போய்விடும்.

இழைகள் விரிந்து சாய்ந்துவிட்ட பிரஷால் நுனிகளைச் சரியான இடத்தில் வைக்க முடியாது. 3 அல்லது 4 மாதத்துக்கு ஒருமுறை அதை மாற்றிவிட வேண்டும். புதிய பிரஷின் நுனியும் இரு பற்கள் ஒட்டியிருக்கும் பக்கங்களுக்குள் நுழைவதில்லை. அங்கே தேங்கும் படலத்தைப் பல்லிடை நூலாலோ, இடைவெளிக்கேற்ற சிறு பல்லிடைப் பிரஷாலோ நாளுக்கு ஒருமுறை தனியே எடுக்க வேண்டியிருக்கிறது.