அம்மாவின் மறதியை வயதின் மேல் போடாதீர்கள்

"எழுபது வயசாச்சு டாக்டர், மறதி வராதா?" என்கிறார் மகன். பக்கத்தில் அம்மா, எங்கே வந்திருக்கிறோம் என்றே தெரியாமல் விழிக்கிறார். விசாரித்தால் மூன்று வருடமாகவே ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாராம், பணத்தை எண்ணத் தடுமாறுகிறாராம். இதே கதையை எத்தனை முறைதான் கேட்பது!

ஒரு பெயர் சட்டென்று வராமல் கொஞ்ச நேரம் கழித்து வந்தால், அது பெரும்பாலும் வயது. காலமெல்லாம் செய்த வேலையின் வரிசையே குழம்புவது, பழகிய தெருவில் வழி தவறுவது, காலையில் பேசியதைப் பேசவே இல்லை என்று சாதிப்பது இதெல்லாம் வயது இல்லை. நூறு வயதானாலும் இல்லை. மூளையில் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

மறதி நோய்களில் அதிகம் காணப்படுவது அல்சைமர். அந்த நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். அவர்கள் அதிக காலம் வாழ்வது முக்கியமான காரணம்தான், ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது. 45 வயதுக்கு முன்பே நின்றவர்களுக்கும், சினைப்பைகளைச் சீக்கிரமே அகற்றியவர்களுக்கும் ஆபத்து கூடுதல். அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் ஏபிஓஇ4 மரபணு, 65 முதல் 75 வயது வரை ஆண்களைவிடப் பெண்களை அதிகம் பாதிக்கிறது. குறைந்த படிப்பும் ஆபத்தைக் கூட்டும்; வீட்டில் படிப்பை நிறுத்திவிட்ட தலைமுறைப் பெண்கள் அதற்கும் சேர்த்து விலை கொடுக்கிறார்கள்.

இன்னொன்று, சக மருத்துவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சொற்களை நினைவில் வைக்கும் சோதனையில் பெண்கள் பொதுவாக நன்றாகச் செய்வார்கள். அதனால் ஆரம்ப கட்டத்தில் 'நார்மல்' என்று வந்துவிடும். மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல், கூட இருப்பவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஈஸ்ட்ரோஜன் குறைவுதானே, ஹார்மோன் மாத்திரை போட்டால் போதாதா என்கிறீர்களா? 65 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2003ல் வெளியானது. டிமென்ஷியா, அதாவது நினைவும் சிந்தனையும் மங்கும் நோய் வரும் ஆபத்து இரண்டு மடங்கானது. மறதியைத் தடுக்க என்று அதை யாரும் வாங்கிப் போடாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? மாற்றக்கூடிய 14 காரணங்களைக் கவனித்தால் 45 சதவீதம் வரை டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்கிறது லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2024 அறிக்கை. நாற்பதுகளிலேயே ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு மூன்றையும் பாருங்கள். தினமும் நடங்கள். காது மந்தமானால் காது கேட்கும் கருவி மாட்டுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனச்சோர்வை 'சும்மா சோம்பல்' என்று ஒதுக்காதீர்கள்.

மறதி வந்துவிட்டதா? தைராய்டும் வைட்டமின் பி12ம் முதலில் பார்க்க வேண்டும், இவற்றின் குறைபாட்டால் வரும் மறதியைச் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. தூக்க மாத்திரையும் சிறுநீர் அவசரத்துக்கான சில மாத்திரைகளும்கூட மூளையைக் குழப்பும். அதனால் வரும்போது, அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையோடு கொண்டு வாருங்கள். அவரோடு தினமும் இருப்பவர் கூட வரட்டும். தயவுசெய்து, மூன்று வருடம் காத்திருக்காதீர்கள்.