நூறு மீட்டர் ஆழத்தில் நுரையீரல் ஏன் நொறுங்குவதில்லை?

மூடி இறுக்கிய காலித் தண்ணீர் பாட்டிலைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்கினால், 10 மீட்டரில் உள்ளிருக்கும் காற்று பாதியாகிப் பாட்டில் நசுங்கிப்போகும். 30 மீட்டரில் காற்று கால் பங்கு. 100 மீட்டரில் பதினொன்றில் ஒரு பங்கு. தம் கட்டி முங்குபவரின் நுரையீரலுக்கும் இதே கணக்குதான்.

இந்தக் கணக்கை நம்பித்தான் ஒரு காலத்தில் மருத்துவர்கள் 50 மீட்டருக்குக் கீழே போனால் மார்பு நொறுங்கும் என்றார்கள். முழு மூச்சில் 6 லிட்டர் காற்று பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு ஊதி வெளியேற்றினாலும் ஒன்றரை லிட்டர் உள்ளே தங்கிவிடும். விலாக்கூடு அதற்கு மேல் ஒடுங்காது. அந்த ஒன்றரை லிட்டர் நிலை 30 மீட்டரிலேயே வந்துவிடுகிறதே, அப்புறம்? ஆனால் 1961இல் இத்தாலியின் என்சோ மயோர்க்கா 50 மீட்டரைத் தொட்டுவிட்டு உயிரோடு மேலே வந்தார். 1976இல் எல்பா தீவருகே பிரான்சின் ழாக் மயோல், எடையைப் பிடித்து இறங்கி 100 மீட்டரைத் தொட்டார். அவருடைய இதயம் நிமிடத்துக்கு 27 துடிப்பு வரை இறங்கியிருந்தது.

விடை ரத்தத்தில் இருந்தது. 1960களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படை வீரர் பாப் கிராஃப்ட்டை வைத்து அளந்து பார்த்தார்கள். ஆழம் கூடக் கூட, கை கால்களிலிருந்து சுமார் ஒரு லிட்டர் ரத்தம் மார்புக்குள் வந்து சேர்ந்தது. காற்று சுருங்கும், திரவம் சுருங்காது. காற்று விட்ட இடத்தை நுரையீரல் நாளங்களில் ததும்பும் ரத்தம் நிரப்பிக்கொள்கிறது. சீல் என்னும் கடல் விலங்குகளுக்கு இருக்கும் இந்த ஏற்பாடு நமக்கும் இருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

காக்கிற அதே ரத்தம் கொல்லவும் கூடும். புடைத்து நிற்கும் மெல்லிய நாளங்கள் கிழிந்தால் ரத்தம் காற்றறைகளுக்குள் கசியும். 2013 நவம்பரில் பஹாமாஸின் டீன்ஸ் ப்ளூ ஹோல் என்னும் ஆழமான கடற்குழியில் அமெரிக்க முக்குளிப்பவர் நிக்கோலஸ் மெவோலி 72 மீட்டருக்கு இறங்கினார். 68இல் திரும்பியவர், மனம் மாறி மறுபடி கீழே போனார். மேலே வந்த சில நொடிகளில் நினைவிழந்தார். காப்பாற்ற முடியவில்லை. நுரையீரல் ஓய்வு கேட்கும் நாளில் முங்காமல் இருப்பதைத்தான் இந்த விளையாட்டின் முதல் திறமை என்பேன்.

பலரை ஆழத்தில் நிறுத்துவது காதுதான். செவிப்பறையின் இரு பக்கமும் அழுத்தம் சமமாக இருக்கக் காற்று வேண்டும். ஆழத்தில் நுரையீரலிலிருந்து அதை மேலே இழுக்க முடியாது. அதனால் 20, 30 மீட்டரிலேயே வாய் நிறையக் காற்றை ஏற்றி, கன்னம் உப்பப் பூட்டிவைத்து, நாக்கால் கொஞ்சம் கொஞ்சமாகக் காதுக்குத் தள்ளுகிறார்கள். ஒருமுறை விழுங்கிவிட்டால் போச்சு, திரும்ப வேண்டியதுதான். அந்த 20, 30 மீட்டருக்குப் பிறகு, காற்று சுருங்கிவிடுவதால், உடம்பு தானாகவே கல் போல மூழ்கும்.

ஏறுவதுதான் கஷ்டம். கீழே அழுத்தம் அதிகம் என்பதால், மிஞ்சிய கொஞ்ச ஆக்சிஜனும் ரத்தத்துக்குள் போய்க்கொண்டிருக்கும். மேலே வர வர அந்த உந்துதல் குறைகிறது. கடைசி 10 மீட்டரில் மட்டும் பாதியாகிவிடும். மயக்கம் பெரும்பாலும் அங்கேதான் காத்திருக்கிறது. அதனால்தான் உதவி முக்குளிப்பவர்கள் சுமார் 30 மீட்டர் வரை இறங்கி வந்து, கண்ணைப் பார்த்துக்கொண்டே கூட ஏறுகிறார்கள்.

நியூசிலாந்தின் வில்லியம் ட்ரூபிரிட்ஜ், காலில் துடுப்பு இல்லாமல், கயிற்றை இழுக்காமல், வெறும் கைகால் வீச்சில் 102 மீட்டருக்கு 2014இல் முயன்றார். கடைசிக் கட்டத்தில் உதவிக்குழு கைகொடுக்க வேண்டியதாயிற்று. 2016 ஜூலையில் அதே டீன்ஸ் ப்ளூ ஹோலில் மறுபடி இறங்கி, 4 நிமிடம் 14 நொடியில் மேலே வந்தார். வந்தபின்னும் சாதனை உறுதியாகாது. 15 நொடிக்குள் முகத்தில் உள்ளதைக் கழற்றி, விரலால் சைகை காட்டி, "நான் நலம்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னார். சாதனை செல்லும் என்று நடுவர்கள் வெள்ளை அட்டையைத் தூக்கினார்கள்.