வெஸ்டிபுலர்: சுழலும் குழந்தையின் அறிக்கையில் வரும் ஒரு சொல்

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சிச் சிகிச்சை) தொடங்கியதும் பெற்றோர் கைக்கு ஓர் அறிக்கை வரும். அதில் பெரும்பாலும் 'வெஸ்டிபுலர்' என்ற சொல் இருக்கும். உள்காதிலிருந்து அசைவையும் சமநிலையையும் உணர்த்தும் புலனைக் குறிக்கும் சொல் அது. நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வருவது, ஊஞ்சலை விட்டு இறங்க மறுப்பது, சில குழந்தைகள் அதே ஊஞ்சலைக் கண்டதும் அலறுவது என எல்லாமே அந்த ஒரு சொல்லின் கீழ் எழுதப்பட்டிருக்கும். சொல் புரியாமல் அறிக்கையை மடித்து வைத்துவிடுகிற பெற்றோர் நிறைய பேர். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய சொல் இது.

லத்தீனில் வெஸ்டிபுலும் என்றால் வீட்டு வாசலை ஒட்டிய முன்னிடம். உள்காதின் நடுவில் ஒரு சிறிய எலும்புக் குழி இருக்கிறது. அதன் ஒரு பக்கம் ஒலியை வாங்கும் நத்தைச்சுருள், மறுபக்கம் மூன்று அரைவட்டக் குழல்கள். இரண்டுக்கும் நடுவே வாசல்போல அமைந்திருப்பதால் உடற்கூறியலாளர்கள் அந்தக் குழிக்கு இப்பெயரை வைத்தார்கள். இதற்கு நேரான சொல் தமிழில் பழையதாகவே உண்டு: முன்றில். 'இல்முன்' என்று வர வேண்டியது முறைமாறி 'முன்றில்' ஆனது என்று இலக்கணப் போலிக்குப் பள்ளியில் எடுத்துக்காட்டுச் சொல்வார்களே, அதே சொல்தான். அழகான சொல். ஆனால் அது உறுப்பு இருக்கும் இடத்தை மட்டும் சொல்கிறது, உறுப்பின் வேலையைச் சொல்லவில்லை. வெஸ்டிபுலர் என்ற சொல்லுக்கும் அதே குறைதான்.

வேலை என்ன? மூன்று குழல்களும் மூன்று வெவ்வேறு தளங்களில் கிடக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு குழலுக்குள் இருக்கும் திரவம் பின்தங்கி, அங்குள்ள நுண்மயிர்களை வளைக்கும். அதுதான் 'திரும்புகிறோம்' என்ற செய்தி. பக்கத்திலேயே இரண்டு சிறு பைகள். அவற்றில் கால்சியம் கார்பனேட்டாலான மிக நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. அவை நேர்கோட்டு அசைவையும் தலையின் சாய்வையும் புவியீர்ப்பையும் உணர்த்துகின்றன. ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டே இருந்தால், குழலுக்குள் இருக்கும் திரவமும் கூடவே சுழலத் தொடங்கிவிடும். அரை நிமிடத்துக்குள் சுழல்கிற உணர்வே மங்கிவிடும். அப்புறம் சட்டென நின்றால் திரவம் நிற்காது. நுண்மயிர்கள் எதிர்ப்பக்கம் வளையும். உடல் நின்ற பிறகும் உலகம் சுற்றுவது இதனால்தான். அந்த நேரத்தில் கண்மணிகளும் பக்கவாட்டில் வெட்டி வெட்டி அசையும்.

சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என்ற ஐந்தில் இதற்கு இடமில்லை. காதுக்குள் ஒளிந்திருந்ததால் 19ஆம் நூற்றாண்டு வரை இதைத் தனிப் புலனாக யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. காது கேளாதவர்களில் பலருக்கு எவ்வளவு சுற்றினாலும் தலைசுற்றுவதில்லை என்று 1882இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் எழுதியது, தலைசுற்றல் பிறக்கும் இடம் உள்காது என்பதற்கு நல்ல சான்றானது. இந்த உறுப்பைப் பற்றிய ஆய்வுக்காகவே ராபர்ட் பாராணிக்கு 1914ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இனி சுழற்சிக்கு வருவோம். ஆட்டிசம் பற்றிப் பேசும்போது 'ஸ்பின்னிங்' என்று ஒரே சொல்லாகச் சொல்கிறார்கள். தமிழில் அது இரண்டு: சுழல்வது தன்வினை, சுழற்றுவது பிறவினை. குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943இல் ஆட்டிசத்தைத் தனி நிலையாக விவரித்தபோது, பொருள்களைச் சுழலவிட்டு மகிழும் குழந்தையைக் குறித்திருக்கிறார். அது சுழற்றுவது, அங்கே விருந்து பெரும்பாலும் கண்ணுக்கு. குழந்தை தானே சுழல்வது வேறு. அங்கே விருந்து உள்காதுக்கு. 'சுத்துறான்' என்று மட்டும் சொன்னால் எது என்று தெரிவதில்லை. எந்தப் புலன் எதைத் தேடுகிறது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்த இலக்கண வேறுபாடு உண்மையாகவே கைகொடுக்கும்.

'இவ்வளவு சுற்றுகிறான், தலையே சுற்றாதா?' என்பது எல்லாப் பெற்றோரும் கேட்கிற கேள்வி. சுழற்சி நின்ற பின் வரும் கண்ணசைவு ஆட்டிசக் குழந்தைகளிடம் குறைவாக இருப்பதாக 1969இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதே முடிவைத் தரவில்லை. ஆகவே 'ஆட்டிசம் இருந்தால் தலைசுற்றாது' என்று பொதுவாகச் சொல்ல முடியாது. அந்தச் சுழல் உணர்வே பிடித்துப்போய் அதற்காகச் சுற்றும் குழந்தைகளும் உண்டு. பதற்றம் தணியச் சுற்றும் குழந்தைகளும் உண்டு. இன்னொரு பக்கம், கால் தரையை விட்டு எழும்பினாலே நடுங்குபவர்கள், தலைக்குக் குளிப்பாட்ட அண்ணாந்தால் கத்துபவர்கள் இருக்கிறார்கள். அடம் என்று திட்டு வாங்குபவர்கள் இவர்கள்தான். அவர்களுக்கு அது நிஜமான பயம். விழுவது போன்ற உணர்வு. புலன்களை மூளை ஒருங்கிணைப்பது பற்றிய கோட்பாட்டை வளர்த்த ஜீன் ஏயர்ஸ் இந்தப் பயத்துக்குத் தனிப்பெயரே கொடுத்தார். ஒரே குழந்தை ஊஞ்சலுக்கு ஏங்கி, மாடிப்படிக்கு அஞ்சலாம்.

புலன் தூண்டலுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவது, ஆட்டிசத்தின் கண்டறி அளவுகோல்களில் ஒன்றாக 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கண்டறி கையேட்டில் சேர்க்கப்பட்டது. அதற்காகச் சுற்றுகிற குழந்தையெல்லாம் ஆட்டிசக் குழந்தை ஆகிவிடாது. சின்ன வயதில் சுற்றி விளையாடாத குழந்தை அபூர்வம்.

சரி, தமிழில் என்ன எழுதலாம்? 'சமநிலைப் புலன்' என்பது ஓரளவு வழக்கில் இருக்கிறது. தவறில்லை, ஆனால் பாதிதான். மதில்மேல் விழாமல் நடக்கிற குழந்தையைப் பார்த்து 'இவனுக்குச் சமநிலை நன்றாகத்தானே இருக்கிறது' என்று பெற்றோர் அறிக்கையை நம்ப மறுப்பதற்கு இந்தப் பெயரே காரணமாகிவிடுகிறது. அந்தக் குழந்தை தேடுவது அசைவை. அதனால் 'அசைவுப் புலன்' என்றோ, முழுமையாக 'அசைவு-சமநிலைப் புலன்' என்றோ எழுதுவதே என் விருப்பம். உடற்கூறியல் பாடத்துக்கு முன்றில் இருக்கட்டும். 'சென்சரி' என்பதை மட்டும் தயவுசெய்து 'உணர்ச்சி' என்று எழுத வேண்டாம். உணர்ச்சி என்றால் கோபம், அழுகை என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். குழந்தையின் காதில் நடப்பது அவர் மனதில் குணக்கோளாறாகிவிடும். 'புலன் வேறுபாடு' போதும்.

தலைசுற்றலுக்கும் சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. வெர்ட்டிகோ என்பது திரும்புதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. அறையே சுற்றுவதுபோல் இருந்தால் அது வெர்ட்டிகோ, தமிழில் தலைசுற்றல். தலை லேசாகித் தள்ளாடுவது கிறுகிறுப்பு. நினைவு தப்புவது மயக்கம். 'மயக்கமா வருது' என்ற பேச்சு வழக்கில் மூன்றும் கலந்துவிடும். மருத்துவரிடம் எது என்று சொல்வது முக்கியம்.

பேச்சு வராத குழந்தை இந்த மூன்றில் எதையும் சொல்லாது. சுற்றி முடித்த சிறிது நேரம் கழித்து முகம் வெளுப்பது, வியர்ப்பது, படுத்துக்கொள்வது, வாந்தி எடுப்பது ஆகியவற்றைக் கவனியுங்கள். பெரியவர்கள் பிடித்துச் சுற்றிவிடுவதைத் தவிருங்கள். தொடங்குவதும் நிறுத்துவதும் குழந்தையின் கையில் இருக்கட்டும். இதுவரை சுற்றாத குழந்தை திடீரெனச் சுற்றத் தொடங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, காதைப் பிடித்து அழுதாலோ, சுற்றும்போது கூப்பிட்டும் தொட்டும் கவனம் திரும்பாமல் வெறித்தாலோ அதை ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். காதுத் தொற்றாகவோ வலிப்பாகவோ இருக்கலாம். முடிந்தால் அந்த நேரத்தை வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்.