புதுத் தொட்டியில் படர்வது என்ன?

புது மீன் தொட்டி வைத்து, மணல் பரப்பி, செடி நட்டு, அழகுக்காக டிரிஃப்ட்வுட் என்று விற்கும் ஒரு காய்ந்த மரக்கட்டையையும் உள்ளே வைத்தால், சில நாட்களிலேயே அந்தக் கட்டையின் மேல் வெள்ளையாக, கொழகொழவென்று ஏதோ ஒன்று படரும். முதல்முறை பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். உடனே கட்டையைத் தூக்கி எறிகிறார்கள், தண்ணீர் மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், இல்லையென்றால் யாரோ சொன்ன மருந்தை வாங்கி ஊற்றுகிறார்கள். தயவுசெய்து மூன்றையும் செய்யாதீர்கள். அது என்னவென்று முதலில் பாருங்கள். விரல், மூக்கு, ஒரு டார்ச் லைட், ஒரு சாதாரண லென்ஸ், இவ்வளவு இருந்தால் புதுத் தொட்டியில் வருகிற பெரும்பாலானவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

கட்டையின் மேல் வருவது பயோஃபிலிம், அதாவது நுண்ணுயிர்கள் கூடி வாழும் பசைப்படலம். மரத்தின் உறுதியான பகுதிகளான செல்லுலோஸும் லிக்னினும் அவ்வளவு சீக்கிரம் மக்காது, ஆனால் மரத்துக்குள் மிச்சமிருக்கும் சர்க்கரையும் மாவுப்பொருளும் தண்ணீரில் ஊறியதும் கசிய ஆரம்பிக்கும். அதைத் தின்ன பாக்டீரியாவும், பூஞ்சையும், பூஞ்சை போலவே இழை விட்டு வளரும் நீர்ப்பூசணங்களும் வந்து கூடும், தாங்கள் சுரக்கும் பசைக்குள்ளேயே குடியிருக்கும். ஸ்பைடர்வுட் என்று விற்கிற கட்டையில் இது நிறையவே வரும். உள்ளே இருக்கும் சர்க்கரை தீர்ந்ததும் சில வாரங்களில் தானாகவே போய்விடும். இறாலும் நத்தையும் இருந்தால் அதற்கு முன்பே மேய்ந்து தீர்த்துவிடும். நல்ல உடல்நிலையில் இருக்கும் மீனை இது ஒன்றும் செய்யாது. ரொம்பத் தடிமனாகப் படர்ந்திருந்தால் மட்டும் டியூப் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அதுவும் தண்ணீரிலிருக்கும் ஆக்சிஜனைத்தான் பயன்படுத்துகிறது.

இதே நேரத்தில் தண்ணீர் பால் கலந்ததுபோல் கலங்கலாம். இதுவும் அதே மாதிரி கரிமப்பொருளைத் தின்னும் பாக்டீரியாதான், கட்டையில் ஒட்டாமல் தண்ணீரில் மிதப்பதால் கலங்கலாகத் தெரிகிறது. தண்ணீரை மாற்ற மாற்ற மறுபடி கலங்கும். ஏர் பம்ப்பை ஓடவிட்டு, தீனி போடுவதைக் குறைத்துவிட்டு விட்டுவிடுங்கள், தெளிந்துவிடும்.

அப்புறம் பழுப்பு. கண்ணாடி, மணல், செடியின் இலை எல்லாவற்றின் மேலும் காப்பித்தூள் தூவியதுபோல் ஒரு படலம் வரும். விரலால் தேய்த்துப் பாருங்கள், கொஞ்சமும் எதிர்ப்பில்லாமல் தூசாகப் பறந்தால் அது டயட்டம். ஒற்றைச் செல் உயிர், ஆனால் தன்னைச் சுற்றிக் கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்கிறது. ஒன்றோடொன்று பொருந்தும் இரண்டு பாதி ஓடுகள், அவற்றில் வரிசை வரிசையாக நுண்துளைகள். மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள், அவ்வளவு அழகு. பச்சையமும் உள்ளே இருக்கிறது, ஃபியூகோசாந்தின் என்ற நிறமி அதை மறைப்பதால்தான் பழுப்பாகத் தெரிகிறது. பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கடலிலும் நன்னீரிலும் இந்த டயட்டம்கள்தான் செய்கின்றன, அதே கூட்டத்தைச் சேர்ந்ததைத்தான் நாம் கண்ணாடியிலிருந்து துடைத்துக்கொண்டிருக்கிறோம். புதுத் தொட்டிக்கு இவை சீக்கிரம் வரக் காரணம், குழாய்த் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் கரைந்திருக்கும் சிலிக்கேட், மங்கலான வெளிச்சமே போதும் என்ற குணம், முக்கியமாக அங்கே இன்னும் போட்டிக்கு ஆளில்லை என்பது. செடிகள் வேர்பிடித்து வளர ஆரம்பித்ததும் பெரும்பாலான தொட்டிகளில் டயட்டம் ஒதுங்கிவிடும்.

பச்சைப் பாசிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடியில் பிளேடு வைத்துச் சுரண்டினால்தான் வருகிற பச்சைப் புள்ளியும், குச்சியில் சுற்றி எடுக்கக்கூடிய நூல் பாசியும் வெளிச்சம் அதிகமானதால் வருபவை. விளக்கை ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரமாகக் குறைத்தால் பாதி பிரச்சனை தீரும்.

கவனிக்க வேண்டியது சயனோபாக்டீரியாவை. நீலப்பச்சைப் பாசி என்பார்கள், உண்மையில் இது ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. நீலமும் பச்சையும் கலந்த வழவழப்பான விரிப்பாக மணல் மேல் பரவும், ஒரு ஓரத்தைத் தூக்கினால் தோல் உரிவதுபோல் மொத்தமாகக் கழன்று வரும். வேறெந்தப் பாசியும் இப்படி வராது. கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள், மக்கிய மண் வாடை அடிக்கும். சில வகைகள் ஜியோஸ்மின் என்ற பொருளைச் சுரக்கின்றன, மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும் வாசனைக்குக் காரணமும் அதே பொருள்தான். தண்ணீர் ஓட்டமில்லாத மூலையில்தான் பெரும்பாலும் தொடங்கும், அதனால் உறிஞ்சி எடுத்துவிட்டு அந்த மூலைக்கு ஓட்டம் வரும்படி ஃபில்டரைத் திருப்பி வையுங்கள், தேவைப்பட்டால் மூன்று நாள் விளக்கை அணைத்துத் தொட்டியைத் துணியால் மூடி வையுங்கள். எரித்ரோமைசின் மாத்திரையைக் கரைத்து ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. மனிதருக்கு வேண்டிய ஆன்டிபயாடிக்கை மீன் தொட்டியில் கொட்டி, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடுவது மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கும் வேலை. அதற்கு நான் ஒருபோதும் ஆதரவில்லை.

இனி, தொட்டால் அசைபவை. ஒரு ஈர்க்குச்சியால் மெதுவாகத் தொடுங்கள். சட்டென்று சுருங்கி ஒரு பொட்டாக மாறினால் அது பாசியே அல்ல, விலங்கு. ஒரு சென்டிமீட்டர் நீளத் தண்டும், நுனியில் நாலைந்து மெல்லிய கைகளும் தெரிந்தால் ஹைட்ரா. செடியா விலங்கா என்ற உங்கள் குழப்பம் பழைய குழப்பம்தான். 1740ல் நெதர்லாந்தின் ஹேக் நகர் அருகே ஒரு பிரபுவின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவந்த ஆபிரகாம் டிரெம்ப்ளே, குளத்துத் தண்ணீரில் கிடைத்த பச்சை ஹைட்ராவைப் பார்த்து இதே குழப்பத்தில்தான் இருந்தார். வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், விலங்கென்றால் செத்துவிடும் என்று நினைத்து இரண்டாக வெட்டினார். இரண்டு துண்டும் இரண்டு முழு ஹைட்ராவாக வளர்ந்துவிட்டன! ஆனாலும் அது நடப்பதையும் இரையைப் பிடித்து விழுங்குவதையும் விடாமல் கவனித்து, விலங்குதான் என்று முடிவுசெய்து 1744ல் புத்தகமாக வெளியிட்டார். பச்சை நிறம் அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசியுடையது. அவர் கண்டதில் உங்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது: ஹைட்ராவைத் தொட்டிக்குள் வைத்து நசுக்காதீர்கள், துண்டுகள் பிழைத்துக்கொள்ளும். கைகளில் கொட்டும் செல்கள் இருப்பதால் மீன் குஞ்சுக்கும் இறால் குஞ்சுக்கும் ஆபத்து, பெரிய மீனுக்கு ஒன்றுமில்லை. சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் வாங்கிய செடியோடும் வரலாம், குளத்தில் பிடித்த உயிர்த்தீனியோடும் வரலாம்.

வெள்ளைப் பஞ்சு போல இருந்து, தொட்டதும் மொத்தப் பஞ்சும் ஒரே நேரத்தில் உள்ளே சுருங்கினால் அநேகமாக வோர்ட்டிசெல்லா. மணி வடிவ ஒற்றைச் செல், ஸ்பிரிங் மாதிரி சுருளும் தண்டு, வாயோரம் துடிக்கும் நுண்மயிர்களால் பாக்டீரியாவைச் சுழற்றி உள்ளே தள்ளிச் சாப்பிடுகிறது. பாக்டீரியா கூடுதலாக இருக்கிறது என்பதற்கு இது நல்ல அடையாளம். கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போகும் முக்கோணத் தலைப் புழு பிளனேரியா, தலையென்று எதுவும் தெரியாமல் நூல்போல நெளிந்து நீந்துவது மக்கைத் தின்னும் சாதாரணப் புழு, பயமில்லை. கட்டையில் எள் அளவில் வெள்ளையாக, கெட்டியாக ஒட்டியிருப்பவை நெரைட் நத்தையின் முட்டைகள், நன்னீரில் அவற்றின் குஞ்சுகள் வளராது. பசைக்குள் கண்ணாடி மணிகள்போல் இருந்தால் மற்ற நத்தைகளின் முட்டை, அவை கண்டிப்பாகப் பொரியும்.

இவ்வளவையும் கண்ணால் பார்க்கிறோம், ஆனால் தொட்டியை வாழவைக்கும் வளர்ச்சி நம் கண்ணுக்குப் படுவதில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் மெதுவாகக் குடியேறிக்கொண்டிருக்கும். கரிமப்பொருளைத் தின்னும் பாக்டீரியா சாதகமான சூழலில் ஒரு மணி நேரத்துக்குள்கூட இரட்டிக்கும், அமோனியாவையும் நைட்ரைட்டையும் மாற்றும் இவற்றுக்கு அரை நாளுக்கு மேல் ஆகும். வெள்ளைப் படலமும் கலங்கலும் முந்திக்கொண்டு வர இதுதான் காரணம். தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்ற பாக்டீரியா என்றுதான் நீண்ட காலம் நம்பினார்கள், அது நைட்ரோஸ்பைரா என்ற வேறொரு பாக்டீரியா என்று 1998ல்தான் தெரிந்தது. 2015ல் இன்னொரு ஆச்சரியம்: இரண்டு படிகளையும் ஒரே உயிராகச் செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைராவை இரண்டு ஆய்வுக் குழுக்கள் கண்டுபிடித்தன, அதில் ஒரு குழுவுக்கு அது கிடைத்தது மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் வடிகட்டியிலிருந்து.

தொட்டியை மொத்தமாகக் கழுவுகிறவர்கள் இழப்பது இந்தக் குடியேற்றத்தைத்தான். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் ஸ்பாஞ்சைப் பிழிந்தாலும், மெத்திலீன் புளூ போன்ற மருந்தை ஊற்றினாலும் இவை அடிபடும், அப்புறம் அமோனியா ஏறும், மீன் சாகும், பழி மட்டும் கட்டையிலிருந்த வெள்ளைப் படலத்தின் மேல் விழும். ஸ்பாஞ்சை அலச வேண்டுமென்றால் தொட்டியிலிருந்தே ஒரு வாளித் தண்ணீர் எடுத்து அதில் அலசுங்கள். அமோனியா, நைட்ரைட் இரண்டையும் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி வையுங்கள். மீனில்லாத தொட்டியில் இந்த நுண்ணுயிர்களுக்குத் தீனியாகக் கொஞ்சம் அமோனியா சேர்த்து, மறுநாளே இரண்டும் பூஜ்யம் காட்டுகிற வரை, அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனாலும் சரி, மீன் விடாதீர்கள்.