கொலஸ்ட்ரால் மாத்திரை ஏன் பாதியிலேயே நின்றுபோகிறது?

"மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "ஆமாங்க" என்றுதான் பதில் வரும். அவரிடமே, "தினமும் போடுற மாத்திரை எல்லாருக்கும் அப்பப்ப விட்டுப்போகும். போன வாரம் உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப்போச்சுங்க?" என்று கேட்டுப் பாருங்கள்; விரல்விட்டு எண்ணத் தொடங்குவார். 30 நாள் மாத்திரை வாங்கியவர் 50ஆம் நாள்தான் மறுபடி வருகிறார் என்றாலும் விஷயம் புரிந்துவிடும். மருந்தாளுநரும் செவிலியரும் இதைக் கண்டிக்காமல் கேட்க வேண்டும். திட்டு வாங்கியவர் அடுத்த முறை மறைப்பார். அது தெரியாத மருத்துவர், மருந்து போதவில்லை என்று டோஸை ஏற்றிவிடுவார்.

கொலஸ்ட்ரால் ஏறினாலும் இறங்கினாலும் உடம்புக்கு ஒன்றும் தெரியாது. ரத்தப் பரிசோதனைதான் ஒரே சாட்சி. ஸ்டாட்டின் வகை கொலஸ்ட்ரால் மாத்திரை தொடங்கி 4 முதல் 12 வாரத்துக்குள் லிப்பிட் புரொஃபைல் என்ற ரத்தக் கொழுப்புப் பரிசோதனை எடுக்க வேண்டும். எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் இறங்கியதைப் பார்த்ததும் "நார்மல் ஆயிடுச்சே, நிறுத்திடலாமா?" என்ற கேள்வி வரும். கல்லீரல் கொலஸ்ட்ராலைத் தயாரிப்பதை இந்த மருந்து குறைக்கிறது. மாத்திரையை விட்டால் சில வாரங்களில் பழைய அளவுக்கே ஏறிவிடும். லேப் தாளில் '100க்குள் நார்மல்' என்று அச்சிட்டிருப்பது மாரடைப்பு வந்தவருக்குப் பொருந்தாது. அவருக்கு எல்.டி.எல். 55க்கும் கீழே இருக்க வேண்டும். அவரவர் இலக்கை மருந்துச் சீட்டிலேயே பேனாவால் எழுதிக் கொடுங்கள்.

பெரும்பாலும் சிக்கல் தசைவலியில்தான். ஸ்டாட்டினால் வரும் வலி பொதுவாக இரண்டு தொடை, இரண்டு தோள் என்று இருபக்கமும் இருக்கும். மாத்திரை தொடங்கியோ டோஸ் ஏற்றியோ சில வாரங்களில் தலைகாட்டும். ஒற்றை முழங்கால் வலிக்கு இந்த மருந்தைக் குறை சொல்ல முடியாது. லண்டன் இம்பீரியல் கல்லூரி 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பக்கவிளைவு என்று ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் மருந்தில்லாத போலி மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டினில் தெரிந்த தொல்லையில் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் தெரிந்தது. அதற்காக "எல்லாம் மனப்பிரமை" என்று யாரையும் அனுப்பிவிடக் கூடாது. அவருக்கு வலி நிஜம். தசை பாதிப்பைக் காட்டும் சி.கே. ரத்தப் பரிசோதனை, தைராய்டு, வைட்டமின் டி பாருங்கள். மருத்துவர் 2 முதல் 4 வாரம் மருந்தை நிறுத்திவைத்து, வலி போனால் குறைந்த டோஸிலோ வேறு ஸ்டாட்டினிலோ மறுபடி தொடங்குவார். ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி. ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் தாங்குபவர்கள் உண்டு; தேவைப்பட்டால் ஸ்டாட்டின் அல்லாத கொலஸ்ட்ரால் மருந்தான எசெட்டிமைப் 10 மி.கி. சேர்க்கலாம். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் மட்டும் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு வரச் சொல்லுங்கள்.

வீட்டிலுள்ள மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்வது மிகவும் பயன்படும். அரசு மருத்துவமனையில் கொடுத்த அடார்வாஸ்டாட்டினும், தனியார் கடையில் வேறு பிராண்ட் பெயரில் வாங்கிய அதே அடார்வாஸ்டாட்டினும் ஒன்றாகக் கிடக்கும்; இரண்டையும் போட்டால் டோஸ் கூடிவிடும். அதைவிட ஆபத்து, ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடார்வாஸ்டாட்டின் மூன்றும் சேர்ந்த கேப்ஸ்யூல். கொலஸ்ட்ராலுக்கு மட்டும்தான் என்று நினைத்து அதை நிறுத்துகிறவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தையும் சேர்த்தே நிறுத்துகிறார். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து சில மாதமே ஆனவருக்கு அது உயிருக்கே ஆபத்து. கேப்ஸ்யூலுக்குள் என்னென்ன இருக்கிறது என்பதைப் பட்டையைக் கையில் காட்டிச் சொல்லுங்கள்.

அடார்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் இரண்டையும் காலையிலும் போடலாம். இரவு மறப்பவருக்குக் காலை பிரஷர் மாத்திரையோடு சேர்த்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

சளி, இருமலுக்குக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதியிருந்தால் சீட்டை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். அது அடார்வாஸ்டாட்டின் அளவை ரத்தத்தில் கூட்டும். அதனால் டோஸைக் குறைக்கவோ அந்த நாட்களில் நிறுத்தவோ மருத்துவர் சொல்லலாம். நிறுத்தச் சொன்னால், திரும்பத் தொடங்க வேண்டிய தேதியை அட்டையின் பின்பக்கம் மார்க்கரால் எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுக்காத மாத்திரையைப் பலர் பிறகு தொடுவதே இல்லை.