'லெவலர்' என்றால் சமத்துவவாதியா?

மொழிபெயர்ப்பில் இத்தனை வருடம் ஓட்டிய பிறகும் ஒரு சொல்லில் வழுக்கினேன். இங்கிலாந்து உள்நாட்டுப் போர் பற்றிய நூல் அது. அந்தப் போர்க்காலத்தில் ஓட்டுரிமை கேட்ட ஓர் அரசியல் கூட்டத்துக்கு 'லெவலர்ஸ்' என்று பெயர். அந்தப் பெயர் வந்த இடத்திலெல்லாம் யோசிக்காமல் 'சமத்துவவாதிகள்' என்று போட்டுவிட்டேன். நாலு பக்கம் தள்ளி, அந்தப் பெயரை அவர்கள் ஏற்கவில்லை என்று ஒரு வரி. மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்: "சமத்துவவாதி என்றால் சமத்துவவாதிக்கு ஏன் சார் கோபம் வருகிறது?"

நியாயமான கேள்வி. அது எதிரிகள் ஒட்டிய வசைப்பெயர். பொது நிலங்களை நிலக்கிழார்கள் வேலி போட்டு வளைத்தபோது, 1607இல் நடு இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதிக் குடியானவர்கள் வேலியைப் பிடுங்கி, பள்ளத்தை நிரவினார்கள். ஆங்கிலத்தில் 'லெவல்' என்றால் நிரவுவது. நிரவியவர்கள் லெவலர்கள். நாற்பது ஆண்டு கழித்து ஜான் லில்பர்ன், ரிச்சர்ட் ஓவர்ட்டன் கூட்டத்தார் ஓட்டுரிமையும் மதச் சுதந்திரமும் கேட்டபோது அதே பெயர் அவர்கள்மேல் விழுந்தது. வேலியைப் பிடுங்கியவன் வீட்டையும் பிடுங்குவான் என்ற பயமுறுத்தல் அதில் இருந்தது.

அவர்கள் 1649 மே மாதம் வெளியிட்ட 'மக்கள் உடன்படிக்கை'யோ, யார் சொத்தையும் நிரவிப் பொதுவாக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கிடையாது என்கிறது. ஓட்டுகூட 21 வயது நிரம்பிய ஆண்களுக்குத்தான். வேலைக்காரர்களுக்கும் தர்மத்தில் பிழைப்பவர்களுக்கும் இல்லை. இதைச் 'சமத்துவவாதம்' என்று இன்றைய பொருளில் எழுதினால் வாசகர் ஏமாறுவார். அதே ஆண்டு நிலத்தைப் பொதுவாக்கி உழக் கிளம்பிய ஜெரார்ட் வின்ஸ்டன்லி என்பவரின் கூட்டம்தான் 'உண்மையான லெவலர்கள்' என்று தாங்களே சொல்லிக்கொண்டது.

சரி, தமிழில் என்ன போடுவது? கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்ப்பதும் மட்டம்தான், மட்டமான சரக்கிலும் மட்டம்தான், ஆளை மட்டம் தட்டுவதிலும் அதே மட்டம்தான். எதிரி மனத்தில் இருந்ததற்கு இவ்வளவு பக்கத்தில் வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. யார் வாயிலிருந்து வருகிறது என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்தேன். எதிரி திட்டும் இடத்தில் 'மட்டம்தட்டிகள்', 1607 குடியானவர்களுக்கு 'நிரவுவோர்', நூலாசிரியர் கதை சொல்லும் இடத்தில் வெறும் 'லெவலர்கள்'. (விளையாட்டுப் பக்கத்தில் இதே சொல் ஆட்டத்தைச் சமன் செய்த கோல். அங்கே போய்ப் புரட்சியைத் தேடாதீர்கள்.)

திருத்திய படியில் ஓர் இடத்தில் மட்டும் பென்சில் மறுபடி வந்தது. 1649இல் அவர்கள் தரப்பிலிருந்து வந்த ஒரு துண்டுநூலின் தலைப்பு. அதில் போய் நான் 'மட்டம்தட்டிகள்' என்று போட்டிருந்தேன். மூலத்தில் இருந்தது, 'பொய்யாக அப்படி அழைக்கப்படும் லெவலர்கள்'.