லினக்ஸில் பாட்டின் வேகம் மாறினால், முதலில் காதைத் தீட்டுங்கள்

லினக்ஸ் கணினியில் பாட்டு விரைந்தோ இழுத்தோ ஓடுகிறதா? செட்டிங்ஸைத் திறக்கும் முன், சுருதியும் மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். வேகம் மட்டும் மாறி, குரல் அதே சுருதியில் நின்றால் அது பிளேயரில் வைத்த வேகம்தான். எம்பிவி போன்ற பிளேயர்கள் சுருதி கெடாமல் பார்த்துக்கொள்ளும்.

குரலும் கீச்சென்று ஏறியிருந்தால் சாம்பிள் ரேட்டைச் சந்தேகப்படுங்கள். விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிந்தார்கள் என்பதுதான் அது; ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள். சிடி ஒலிக்கு விநாடிக்கு 44,100 சாம்பிள்கள். வீடியோ ஒலிக்குப் பெரும்பாலும் 48,000. சாம்பிள்கள் வெறும் எண்கள்தான். அவை எந்த வேகத்தில் ஒலியாகும் என்பது சவுண்ட் கார்டின் கடிகாரத்தின் கையில் இருக்கிறது. 44,100-இல் பதிவானதை 48,000-இல் ஓட்டினால் பாட்டு 8.8 சதவீதம் விரையும். சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறும். 60 விநாடிக் கோப்பு 55 விநாடியில் முடிந்துவிடும். இதைக் கைக்கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள், பிளேயர் காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம். பல பிளேயர்கள் ஒலி ஓடிய அளவை வைத்தே நேரத்தைக் கணக்கிடுகின்றன. ஒலி விரைந்தால் படமும் கூடவே விரைவது அதனால்தான்.

சரியாக இரண்டு மடங்கு வேகமா? 22,050 கோப்பு 44,100-இல் ஓடுகிறது, அல்லது ஒரே தடம் உள்ள மோனோ ஒலியை இரண்டு தடம் உள்ள ஸ்டீரியோ என்று நினைத்துக் கணினி படிக்கிறது.

சாதாரணமாக இந்த வித்தியாசங்களை, லினக்ஸில் ஒலியைக் கவனிக்கும் மென்பொருளான பைப்வயர் அல்லது பல்ஸ்ஆடியோ நடுவில் நின்று மாற்றிக் கொடுத்துவிடும். அங்கே பிசகியதா என்று பார்க்க, பாட்டு ஓடும்போதே ப்ராக் கோப்பகத்தில் (/proc) ஆல்சாவுக்கு, அதாவது லினக்ஸ் கெர்னலின் ஒலிப் பகுதிக்கு, உரிய இடத்தைத் (asound) திறந்து, ஹார்ட்வேர் விவரக் கோப்பில் (hw_params) 'ரேட்' வரியைப் படியுங்கள். பைப்வயர் இருந்தால் பிடபிள்யூ-டாப் (pw-top) கட்டளையும் அதே எண்ணைக் காட்டும்.

ஆனால் அந்த எண், சவுண்ட் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் நம்புகிற எண் மட்டுமே. பழைய ஏசி97 சவுண்ட் சிப் உள்ள கணினிகளில் சிக்கல் இங்கேதான் ஒளிந்திருக்கும். அவற்றுக்கான இன்டெல் டிரைவர், கணினியில் ஏற்றப்படும்போது சுமார் 50 மில்லிவிநாடி ஒலியை ஓடவிட்டுச் சிப்பின் கடிகாரத்தை அளக்கிறது. அவ்வளவு குறுகிய நேரத்தில் அளவு பிசகினால், பிறகு ஓடும் ஒவ்வொரு பாட்டும் பிசகும். எந்த பிளேயரை மாற்றினாலும் தீராது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) பதிவில் 'கிளாக்கிங்' என்ற சொல்லை அடுத்து வரும் எண் 48,000-ஐ விட்டு விலகியிருந்தால், டிரைவரின் ஏசி97 கிளாக் (ac97_clock) ஆப்ஷனில் 48000 என்று எழுதி, அந்த டிரைவர் மாட்யூலை மறுபடி ஏற்றிப் பாருங்கள். டிரைவர் அளப்பதை விட்டுவிட்டு அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளும்.